பலகையில் செய்த ஜெட்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ஒரு ஜெட் விமானத்துக்கு வேலை பார்த்தேன். ஓட்டினேன் என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்றைக்குப் பலர் கவனிக்கவில்லை. மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறித் தெற்கே போனால் வரும் ஒரு விமானப்படைத் தளத்தில், உதிரிபாகக் கிடங்குக் குமாஸ்தா. எனக்குக் கீழே ஒரு பூனை இருந்தது.

விமானத்தின் பெயர் வேம்பயர். பையன்கள் ஜெட் ஓட்டிப் பழகுவதற்கானது. வாத்தியாரும் மாணவனும் டாக்ஸியின் பின்சீட்டில் உட்காருகிற மாதிரி இடித்துக்கொண்டு உட்கார வேண்டும். உலகப் போரின் கடைசியில் வெள்ளைக்காரன் வரைந்த விமானம். இறக்கையையும் வாலையும் உலோகத்தில் செய்தவன், ஆள் உட்காரும் மூக்குப் பகுதியை மட்டும் மரத்தில் செய்துவிட்டான். இரண்டு ஒட்டுப்பலகை, நடுவில் தக்கை போன்ற லேசான மரம், பசை. பீரோவுக்கு எஞ்சின் பூட்டிய மாதிரி.

எங்களிடம் வந்து சேர்ந்தபோது அதற்கு வயதாகியிருந்தது. உதிரிபாகம் கிடைப்பதில்லை. ஒரு பம்பு கேட்டு எழுதினால் ஒன்றரை வருஷம் கழித்து, ‘எதற்காகக் கேட்கிறீர்கள்?’ என்று பதில் வரும். ஆகவே கொட்டகை மூலையில் ஒரு விமானத்தை நிறுத்தி, அதன் சக்கரத்தை ஒன்றுக்கும் மீட்டரை இன்னொன்றுக்கும் மாட்டி மற்றவற்றைப் பறக்கவிட்டோம். மூலையில் நின்றதில் கடைசியில் மூக்கு மட்டும்தான் மிச்சம். காகிதத்தில் அதற்கு ‘தற்காலிகப் பழுது’ என்று பெயர்.

நான் பெண் பார்க்கப் போனதும் இதே முறையில்தான். அத்திம்பேரின் வாட்ச், எதிர்வீட்டுக்காரரின் டெரிலின் சட்டை, தம்பியின் பெல்ட். வயது முப்பத்திரண்டு. ஏழு இடம் தட்டிப்போயிருந்தது. இந்த மயிலாப்பூர்ப் பெண்ணின் போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து, இது ஒன்று மட்டும் தட்டிப்போகக் கூடாது என்று எனக்கு இருந்தது. அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. தரகரிடம், “பையன் ஜெட்ல இருக்கான்” என்று சொல்லியனுப்பிவிட்டார்.

பெண்ணின் அப்பா என்னை ஊஞ்சலில் உட்கார வைத்தார். “மேலேர்ந்து பாத்தா நம்ம கோயில் கோபுரம் தெரியுமோ?”

“நன்னாத் தெரியும்” என்று எனக்காக என் அப்பா பறந்தார்.

கதவோரம் நின்ற பெண் என்னை நேராகப் பார்த்துக் கேட்டாள்: “பயமா இருக்காதா?”

அவளிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. “நான் ஓட்டறதில்லை. சாமான் கிடங்குல குமாஸ்தா.”

அப்பா இருமினார். பெண்ணின் அப்பாவோ சிரித்தார். “என்ன அடக்கம் பாருங்கோ. மிலிட்டரி சமாச்சாரம், வெளில சொல்லப்படாது.”

அவருடைய மைத்துனர் அவ்வளவு சுலபமானவர் இல்லை. “ஜெட்டுன்னா எல்லாம் எஃகுதானே?”

“இல்லை மாமா. முன்பாதி மரம்.”

“மரமா?”

“ஒட்டுப்பலகை. பசை போட்டு ஒட்டினது.”

“நெருப்பைக் கக்கிண்டு போறதை மரத்துல பண்ணுவாளா? நீர் சொல்றது ஜெட்டா, கொலுப்படியா?”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். என் வாழ்க்கையில் எனக்கு முழுசாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான், விட மனசில்லை. நம்மூர் மழை ஈரத்தில் பசை விட்டுப்போகும் என்றேன். தட்டிப் பார்த்துத்தான் மேலே அனுப்புவோம் என்றேன். எப்படித் தட்டுவது என்பதை ஊஞ்சல் பலகையில் தட்டியும் காட்டினேன். பெண் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். மற்றவர்கள் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் தரகர் வந்தார். “பையன் வாயைத் திறந்தாலே புளுகுன்னு நெனைக்கறா. கிடங்கு குமாஸ்தான்னு சொன்னதைக்கூட அடக்கம்னு விட்டுட்டாளாம். மர ஜெட்டைத்தான் பொறுத்துக்க முடியலையாம்.”

ஒரு வாரம் கழித்துக் காப்பி குடிக்கும்போது அப்பா கேட்டார்: “இரும்புன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதாடா?”

“இரும்பு இல்லைப்பா. மீதிப் பாதி அலுமினியம்.”

பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.