கணுக்காலில் இரண்டு கைகள்

காலை பத்து நாற்பது. 1954 அக்டோபர், செவ்வாய்க்கிழமை. இது நடந்தது. ராபின்சன் வேதபுத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னது.

ராபின்சன் பாறசாலைக்குப் பக்கத்தில் தறி நெய்கிறவர். மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் போனார். போலீஸ் லாக்கப்பில் அவருடைய வலது முழங்காலின் முட்டுச்சிரட்டை நொறுங்கியது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் எலும்புச் சில்லுகளைப் பொறுக்கி எடுத்துத் தைத்தார். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டை வெட்டியபோது கால் உலக்கைபோல நீட்டி நின்றது.

"சனிக்கிழமைக்குள்ள பாதியாவது மடங்கணும். இல்லேன்னா இனி மடங்காது," என்றார் டாக்டர்.

மடங்காத காலோடு தறிக்குழியில் இறங்க முடியாது.

மடக்குவது நர்ஸ் லீலாபாயின் வேலை. அட்டெண்டர் பொன்னப்பன் ராபின்சனைக் கட்டுப் போடும் அறை மேசையில், தலையணையில் முகம் புதையக் குப்புறக் கிடத்திவிட்டுப் போவார். அவள் பின்னால் நின்று கணுக்காலைப் பிடித்து மடக்குவாள். பத்து வரை எண்ணுவாள். அந்தச் செவ்வாயும் அப்படித்தான்.

"அய்யோ சிஸ்டர், கொல்லாத!"

"போலீசுக்கு முன்னால கோஷம் போட்ட வாயாக்குமே. கத்தும், கத்தும். ஏழு... எட்டு..."

புதன், பத்து நாற்பது. கைகள் வந்தன. எண்ணிக்கை வரவில்லை.

"இன்னைக்கு என்ன பிணக்கமா, சிஸ்டர்?"

கைகள் அமுக்கின. கால் நேற்றைவிட அதிகம் மடங்கியது.

வியாழன். கைகள் ஈரமாக இருந்தன. பெருவிரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குதிநரம்பை அமுக்கின.

அந்தப் பிடி ராபின்சனுக்குத் தெரியும். அது அவருடைய பிடி.

லாக்கப்பில் பக்கத்துத் தறிக்காரன் நேசையனைக் குப்புறத் தள்ளியிருந்தார்கள். "காலு பிடிக்கடா. விட்டால் நின்றெ முட்டு பொடிக்கும்," என்றான் மலையாளத்துப் போலீஸ்காரன். தன் முட்டை நொறுக்கிவிடுவான் என்று பயந்து ராபின்சன் பிடித்தார். பெருவிரல்மேல் பெருவிரலை ஏற்றிப் பிடித்தார். பதினோராவது லத்தி அடியில் நேசையனின் எலும்பு பச்சை மூங்கில்போலப் பிளந்தது. தரையில் முகம் அழுந்தக் கிடந்த நேசையன் கேட்டான்:

"எலே... யாருல என் காலப் பிடிச்சிருக்கது?"

ராபின்சன் வாய் திறக்கவில்லை. பிடியையும் விடவில்லை. அப்படியும் அவருடைய முட்டு தப்பவில்லை. மூன்றாம் நாள் நேசையன் செத்துப்போனான்.

வெள்ளி, பத்து நாற்பது.

கைகள் பிடித்தன. குதிகால் தொடையை நோக்கி இறங்கியது. முட்டுக்குள் தையல் விட்டது... டக்... டக்...

ஜன்னலுக்கு வெளியே, முற்றத்தில், ஒரு குரல்.

"பொன்னப்பண்ணா, செவ்வா சாயந்தரம் வீட்டுக்குப் போனவளாக்கும், இப்பத்தான் பஸ் இறங்குறேன். இந்த மூணு நாளும் ராபின்சனுக்க கால யாரு மடக்குனா?"

"நீயாக்கும்னுல்லா நான் நெனச்சேன்!"

லீலாபாய் வெளியே நின்றாள்.

கைகள் உள்ளே இருந்தன.

அமுக்கின...

குதிகால் பிட்டத்தில் இடித்தது. மேசையில் ரத்தம் சொட்டியது.

ராபின்சன் தலையணைக்குள் கேட்டார்:

"எலே... யாருல என் காலப் பிடிச்சிருக்கது?"