பூந்தமல்லியில் வானசாஸ்திரக் கூட்டம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் நான் பூந்தமல்லியில் பெண்கள் ஆரம்பப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்தேன். என் கணவருக்கு ஆவடியில் புதிதாக எழும்பிக்கொண்டிருந்த ராணுவ முகாமில் ஸ்டோர் குமாஸ்தா வேலை. தினம் சைக்கிளில் போய்வருவார்.

அந்த நாட்களில் ஒருமுறை பட்டணத்தில் பெரிய விஞ்ஞான மாநாடு நடந்தது. மாலையில் பொதுமக்களுக்காக வானசாஸ்திரப் பிரசங்கம், அனுமதி இலவசம், படங்கள் காட்டப்படும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கணவரை நச்சரித்து அழைத்துக்கொண்டு போனேன். பெண்களுக்கென்று பக்கவாட்டில் நாலைந்து வரிசை ஒதுக்கியிருந்தார்கள். பேச்சு முழுக்க இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் வாசிக்க வரும். வேகமாகப் பேசினால் பாதிதான் பிடிபடும். அங்கே அந்தப் பாதிகூடப் பிடிபடவில்லை. வெள்ளைத் துணியில் சந்திரன் வந்து நின்றது. அத்தனை பெரிய சந்திரனை நான் பார்த்ததே இல்லை. அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. அந்தக் குழிகள் எப்படி வந்தன என்று பிரசங்கி சொல்லியிருக்க வேண்டும், முன்வரிசையில் எல்லாரும் சிரித்தார்கள், கை தட்டினார்கள். என் பக்கத்தில் இருந்த பெண்மணி என்னைப் பார்த்து, “இன்னா சொன்னாரு?” என்று கேட்டாள். தெரியாது என்றேன். பொதுமக்களுக்கு என்று போட்டுவிட்டு எங்கள் இரண்டு பேரையும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்களே என்று வழியெல்லாம் குமைந்துகொண்டே வந்தேன்.

பூந்தமல்லியில் ஒரு வாசகசாலைச் சங்கம் இருந்தது. அதன் கமிட்டியில் என்னையும் சேர்த்திருந்தார்கள். பெண் ஒருத்தி இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆண்டு விழாவுக்கு என்ன செய்யலாம் என்று பேச்சு வந்தபோது, பட்டணத்திலிருந்து ஒரு பேராசிரியரை அழைத்துத் தமிழில் வானசாஸ்திரப் பிரசங்கம் வைக்கலாம் என்று சொன்னேன். சங்கத்தின் தலைவர் பெரிய நிலக்காரர், கௌரவ மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். எழுத வேண்டியது, ஏற்பாடு செய்ய வேண்டியது எல்லாம் என் பொறுப்பு என்று ஆயிற்று.

நான் எழுதிக் கேட்ட பேராசிரியர் பட்டணத்தில் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுப்பவர். என் தபாலுக்கு உடனே பதில் போட்டார். தமிழில் பேசச் சொல்லி இதுவரை தன்னை யாரும் கேட்டதில்லை, சந்தோஷமாக வருகிறேன், ஆனால் சொற்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும் என்று எழுதியிருந்தார். பிறகு நேரிலும் ஒருநாள் அவரைப் பார்த்தோம். மனிதர் நிஜமாகவே உழைத்திருந்தார். பூமியின் இழுப்பு என்று சொல்லலாமா, கவர்ச்சி என்று சொல்லலாமா, எது ஜனங்களுக்குப் புரியும் என்று என்னைக் கேட்டார். கவர்ச்சி என்றால் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள், இழுப்பே போதும் என்றேன். சிரித்தார். கண்ணாடிச் சில்லுகளில் பதித்த படங்களை எடுத்துக் காட்டினார். மண்ணெண்ணெயில் எரியும் படவிளக்கும் அவரிடமே இருந்தது.

நான் ஊரில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். என் வகுப்புப் பிள்ளைகளின் தாய்மார்கள், கடைத்தெருவில் வெற்றிலைக் கடை வைத்திருந்த அம்மாள், எல்லாரிடமும் சொன்னேன். புரிகிற மாதிரிப் பேசுவார், வாருங்கள் என்றேன். அயனம்பாக்கத்திலிருந்து என் அண்ணன் குடும்பமே வண்டி கட்டிக்கொண்டு வந்தது.

விழா அன்று மத்தியானம்தான் எனக்கு முதல் அடி. ஆவடி முகாமிலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரியைச் சிறப்பு விருந்தாளியாகத் தலைவர் அழைத்திருக்கிறார் என்று சங்கத்தின் காரியதரிசி வந்து சொன்னார். சரி, வரட்டும் என்றேன். அவர் தயங்கித் தயங்கி மிச்சத்தையும் சொன்னார். பிரசங்கம் இங்கிலீஷில் இருக்க வேண்டுமாம்.

நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன். அவர் சாப்பிட்டுவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

“தமிழ்ல பேசறாருன்னு ஊர் பூரா சொல்லிட்டேங்க. ஜனங்க அதுக்குத்தான் வராங்க” என்றேன்.

“தொரை வராரும்மா. அவருக்குத் தமிழ் தெரியுமா? அவர குந்த வெச்சிகினு நாம பாட்டுக்குத் தமிழ்ல பேசிகினு கீறதா?”

“அவர் ஒருத்தருங்க. மத்தவங்க எரநூறு பேரு இருப்பாங்க.”

“எரநூறு பேரும் படத்தப் பாப்பாங்க இல்ல? படத்துக்கு இன்னா இங்கிலீஷு, தமிழு? நீ போயி சுண்டல் வேலையப் பாரும்மா.”

சுண்டலும் வரவேற்புப் பாட்டும் என் பொறுப்பில்தான் இருந்தன. வீட்டுக்கு வந்து கடலையை வடித்துக் கொட்டினேன். கோபத்தில் எனக்கு அழுகைதான் வரும், வார்த்தை வராது. அன்றும் அப்படித்தான்.

சாயங்காலம் பேராசிரியர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கனமான மரப்பெட்டியை அவரே மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. தமிழில் எழுதிக் கொண்டுவந்த தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். “முடிந்தவரை நடுநடுவே தமிழில் சொல்லிப் பார்க்கிறேன் அம்மா” என்றார்.

சங்கக் கட்டடம் நிறைந்து வழிந்தது. வாசலில்கூட ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளைகள் பாடி முடித்ததும் தலைவர் எழுந்து பேசினார். அவர் தாத்தா காலத்தில் வால் நட்சத்திரம் தோன்றியது, அதன்பின் பஞ்சம் வந்தது, அந்தப் பஞ்சத்தில் அவர் குடும்பம் கஞ்சித்தொட்டி வைத்தது என்று நீளமாகப் போயிற்று. அடுத்து ஒரு வருவாய்த் துறை அதிகாரி யுத்த நிதியைப் பற்றிப் பேசினார். அதை இன்னொருவர் இங்கிலீஷில் திருப்பிச் சொன்னார். வெள்ளைக்காரருக்கு மாலை போட்டார்கள். அவர் இளவயதுக்காரர், பாவம், வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். எழுந்து நாலு வார்த்தை நன்றி சொன்னார். வேலை இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். பேராசிரியர் இன்னும் வாயே திறக்கவில்லை.

இனி தமிழில் பேசலாம் என்று எனக்கு உயிர் வந்தது. காரியதரிசியைப் பார்த்தேன், அவர் தலைவரைப் பார்த்தார். தலைவர் கையை அசைத்தார். நோட்டீசில் இங்கிலீஷ் என்று மாற்றி எழுதி ஒட்டியாகிவிட்டதாம், வருவாய்த் துறை அதிகாரியும் உட்கார்ந்திருக்கிறாராம், அப்படியே நடக்கட்டுமாம். பேராசிரியர் இங்கிலீஷில் ஆரம்பித்தார். இரண்டு வாக்கியம் இங்கிலீஷ், ஒரு வாக்கியம் தமிழ் என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். தமிழ் வரும்போதெல்லாம் கூட்டம் அடங்கிக் கேட்டது. இங்கிலீஷ் வந்ததும் குழந்தைகள் அழுதன. பின்னால் இருந்தவர்கள் ஊர்ப் பேச்சில் இறங்கினார்கள்.

படம் காட்டத் தொடங்கியபோது, விமானத் தாக்குதல் முன்னெச்சரிக்கைக்காகப் போட்டிருந்த ஏ.ஆர்.பி. வார்டன் உள்ளே வந்தார். அப்போது இருட்டடிப்புச் சட்டம் கடுமையாக இருந்தது. ஜன்னல்களுக்குக் கதவு இல்லை, வெளிச்சம் ரோட்டில் விழுகிறது, விளக்கை அணையுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதை முன்கூட்டியே யோசித்து, கோணிப்பைகள் வாங்கி ஜன்னலில் கட்டச் சொல்லி இரண்டு நாளாகக் காரியதரிசியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கோணிகள் வந்திருந்தன. மேடைக்குக் கீழே விரிப்பாகப் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரர் காலில் தூசி படக் கூடாதாம்.

சனிக்கிரகத்தின் வளையம் ஒன்று, நட்சத்திரக் கூட்டம் ஒன்று, அவ்வளவுதான் துணியில் தெரிந்தது. விளக்கை அணைத்தார்கள். இருட்டில் காரியதரிசி நன்றி சொன்னார். சுண்டல் கொடுக்கும் இடத்தில் ஒரே தள்ளுமுள்ளு. என் அண்ணி, “படம் அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறினாள்.

பட்டணம் போகிற பஸ் பக்கத்தில் குமணன்சாவடியில் கெட்டு நின்றுவிட்டது என்று சொன்னார்கள். பெட்ரோல் கிடைக்காத காலம், எல்லாம் கரி பஸ். பின்னால் ஒரு அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில் ஓட்டுவார்கள். என் கணவர் பெட்டியைச் சைக்கிள் காரியரில் வைத்துக் கட்டினார். நாங்கள் மூன்று பேரும் அங்கே வரைக்கும் நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்டேன். “இது எனக்குப் பழக்கம் அம்மா. எங்கே போனாலும் நட்சத்திரம் கடைசியில்தான்” என்றார் பேராசிரியர். ஆனால் அவர் குரலிலும் சலிப்பு இருந்தது.

பஸ்ஸின் அருகே ஏழெட்டுப் பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஆவடி முகாமில் மண் சுமக்கிற ஆட்கள் சிலர், கூடையோடு இரண்டு பெண்கள், எங்கள் வெற்றிலைக் கடை அம்மாள். மகள் வீட்டுக்குப் போகக் கிளம்பியிருந்தாள். அவளும் கூட்டத்துக்கு வந்திருந்தவள்தான். கிளீனர் அடுப்பின் விசிறியைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

“அடுப்பு இன்னும் புடிக்கல சாமி, குந்துங்க” என்றார் டிரைவர்.

வெற்றிலைக் கடை அம்மாள் பெட்டியையே பார்த்தாள். “அதுல கீற படத்தயெல்லாம் காட்டாமலே எடுத்துனு போறீங்களே சாமி” என்றாள்.

பேராசிரியர் என்னைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடிச் சில்லை எடுத்தார். கிளீனர் கரி போடுவதற்காக அடுப்பின் கதவைத் திறந்தான். அந்தச் செந்தணலுக்கு எதிரே அதைப் பிடித்துக் காட்டினார். உள்ளங்கை அளவுச் சந்திரன், சிவப்பாக, குழிகளோடு தெரிந்தது. எல்லாரும் எழுந்து வந்து முறை வைத்துக் குனிந்து பார்த்தார்கள்.

“அதுல தண்ணி கீதா சாமி?” என்று கேட்டாள் அந்த அம்மாள்.

“இல்லை அம்மா. காற்றுகூடக் கிடையாது.”

“அப்ப எப்டி மூச்சு வுடறது?”

“மூச்சு விட அங்கே யாரும் இல்லையே.”

அதைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. மறுபடி ஒருமுறை குனிந்து பார்த்தாள். மண் சுமக்கிறவர் ஒருவர் அது எம்மாந்தூரம் என்று கேட்டார். ஆவடியில் ஏறினால் மெயில் வண்டி எங்கேயும் நிற்காமல் ஓடினாலும் எட்டு மாதம் ஆகும் என்றார் பேராசிரியர். அந்தக் குழிகள் எப்படி வந்தன என்பதற்கு இரண்டு விதமான எண்ணங்கள் இருக்கின்றன, எது சரி என்று படித்தவர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள் என்றார். இழுப்பு என்ற வார்த்தையைச் சொன்னார், ஒருவருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. மேடையில் திணறியவர் இங்கே ரோட்டோரத்தில் சரளமாகப் பேசினார். சட்டைப்பையில் இருந்த தாள்களை அவர் எடுக்கவே இல்லை.

எனக்கும் ஒரு கேள்வி இருந்தது. சின்ன வயதிலிருந்து ஏரிக்கரையில் பார்த்திருக்கிறேன், சந்திரன் எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகிறது. பின்பக்கம் ஏன் தெரிவதில்லை? மற்றவர்கள் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். நான் வாயைத் திறந்து கேட்டதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. “ஏறு, ஏறு, நின்னா மறுபடி அணஞ்சிடும்” என்று டிரைவர் அவசரப்படுத்தினார். பேராசிரியர் பெட்டியோடு ஏறினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, விரலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி ஏதோ சொன்னார். எஞ்சின் சத்தத்தில் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பஸ் போய்விட்டது.

திரும்பும்போது என் கணவர், “கடசீல நல்லாத்தானே ஆச்சு” என்றார். அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். இருநூறு பேருக்கு நடக்க வேண்டியது பத்துப் பேருக்கு நடந்தது, அதுவும் பஸ் கெட்டுப்போனதால் நடந்தது, இதில் நல்லது எங்கே வந்தது என்று கேட்டேன். அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அதன்பின் வெற்றிலைக் கடையைத் தாண்டும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்பாள், அந்தச் சாமி மறுபடி எப்போது வருவார் என்று. மற்றப் பெண்களும் கேட்டார்கள். அடுத்த ஆண்டு விழாவுக்கான கமிட்டி கூடியபோது நான் தயாராகப் போனேன். அதே பேராசிரியர், தமிழ் மட்டும், வேறு பிரசங்கம் கிடையாது, விருந்தாளி கிடையாது, ஜன்னலுக்குக் கோணி முதலிலேயே கட்டிவிட வேண்டும் என்றேன். இந்தத் தடவை அழவில்லை. ஒவ்வொன்றாக நிதானமாகச் சொன்னேன்.

தலைவர் கேட்டுக்கொண்டே இருந்தார். “போன வருசந்தான் நட்சத்திரம் பாத்தாச்சே. பிரமாதமா நடந்துச்சுன்னு தொரையே சொல்லி அனுப்பிச்சாரு. இந்த வாட்டி அவுங்க பாண்டு செட்டை அனுப்பறாங்களாம்” என்றார்.

கமிட்டியில் மற்ற எல்லாருக்கும் அது பிடித்துப்போயிற்று.

“அப்ப இந்தக் கமிட்டியில எனக்கு வேலை இல்லீங்க. நான் நின்னுக்கறேன்” என்று எழுந்தேன்.

“கோச்சிக்காதம்மா. அப்ப சுண்டலுக்கு யாரு?” என்றார் தலைவர். கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அதுதான் கவலை.

நான் வெளியே வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்திலாவது ஒரு கூட்டம் வைக்கலாம் என்று தலைமை ஆசிரியையிடம் கேட்டுப் பார்த்தேன். பொழுது சாய்ந்த பிறகு பெண் பிள்ளைகளைக் கூட்டி வைப்பது நமக்குச் சரிப்படாது என்றார். பேராசிரியருக்கும் அந்தக் கோடையில் மதுரைப் பக்கம் மாற்றலாகிவிட்டது. என் கேள்விக்குப் பதில் பல வருஷம் கழித்து ஒரு பாடப்புத்தகத்தில் கிடைத்தது. சந்திரன் நம்மை ஒருமுறை சுற்றி வரும் அதே நேரத்தில் தன்னையும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்கிறதாம். இரண்டு வரிதான் போட்டிருந்தார்கள். படித்துப் புரிந்துகொண்டேன்.

அந்த வருஷ ஆண்டு விழா அன்று பாண்டு வாத்தியம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. கணவர் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கூட்டம் எப்படி என்று நான் கேட்கவில்லை.