சிரிச்சா விழுவாரு

கன்னத்துல பாதி நுரைய வழிச்ச கத்தி அப்படியே அந்தரத்துல நிக்கும். நாற்காலியில கழுத்த நீட்டிக்கிட்டு இருக்கிற ஆளு கண்ணாடியில அந்தக் கத்தியவே பாத்துக்கிட்டு இருப்பாரு. சலூன்காரரு பாட்டுக்குக் கத்திய மெதுவா டம்ளர்ல போடுவாரு. தொப்பைய நாற்காலி முதுகுல முட்டுக் குடுப்பாரு. ஒரு கைய ஜன்னல் கம்பியில மாட்டிக்குவாரு. அப்புறம் கண்ண மூடிக்கிட்டு, மாமனாரோட மூஞ்சிய நெனப்பாரு. நாலு மூச்சு விட்டுட்டு, "ம்... போயிருச்சு. தலையக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க"ம்பாரு.

போனது என்னன்னா, சிரிப்பு.

ஊர்ல எல்லாருக்கும் சிரிச்சா வயிறு வலிக்கும், கண்ணுல தண்ணி வரும். இந்த சலூன்காரருக்குச் சிரிச்சா ஒடம்பே கழண்டுரும். மொதல்ல கண்ணு இமை தொங்கும், அப்புறம் தாடை, அப்புறம் கழுத்து. முட்டி மடங்கி, கொடியில இருந்து ஈரத்துணி நழுவுற மாதிரி கீழ வந்துருவாரு. கொஞ்ச நேரத்துல தானா எந்திரிச்சு, சட்டையத் தட்டிவிட்டுட்டு, "எங்க விட்டேன்? ஆங், கிருதா"ன்னு வேலையப் பாப்பாரு. தெருவுல அவருக்கு 'தொபுக்கடீர்'னு பேரு. அவருக்கும் அது தெரியும். "சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமாத்தான் வெச்சிருக்கானுங்க"ன்னு சொல்லிட்டு உடனே ஜன்னல் கம்பியப் புடிச்சுக்குவாரு.

மத்த சலூன்ல 'அரசியல் பேசாதீர்கள்'னு எழுதிப் போட்டிருப்பாங்க. இவரு கடையில, கண்ணாடிக்கு மேல, 'ஜோக் சொல்லாதீர்கள் – நிர்வாகம்'னு இருக்கும். நிர்வாகம்னா வேற யாரு, வீட்டுக்காரம்மாதான். ஒரு நாள் சிரிச்சு விழுந்தப்போ அவரு நெத்தி வாஷ்பேசின்ல இடிச்சது, கையில இருந்த கத்தரி ஒரு வாடிக்கையாளரு காத லேசா உரசிட்டுப் போச்சு. அன்னிக்கு எழுதி மாட்டுன போர்டு அது. அதோட விட்டாங்களா? வீட்டுலயும் ஊரடங்கு. அந்தம்மா அன்னியிலேர்ந்து புருஷன் முன்னாடி பல்லக் காட்டுனதில்ல. டீ குடுத்தாலும் உம், சண்ட போட்டாலும் உம். பக்கத்து வீட்டுல, "இந்தப் பொம்பளைக்குச் சிரிக்கவே தெரியாதா? பாவம் அந்த மனுஷன்"னு பேசிக்குவாங்க. அந்தம்மா எதுக்காகச் சிரிப்ப அடக்குறாங்கன்னு அப்படிப் பேசினவங்கள்ல யாருக்கும் தெரியாது.

வெளியிடம் போனா அவருக்குன்னு ஒரு கணக்கு உண்டு. சாவு வீடு பத்திரம். யாரு செத்தாலும் மொத ஆளாப் போயி நிம்மதியா உக்காந்துட்டு வருவாரு. கல்யாண வீடுதான் ஆபத்து. கைவெச்ச நாற்காலியாத் தேடி, செவரோரமா, மாப்பிள்ளையோட ஃபிரெண்டுகளுக்கு ரொம்பத் தூரமா உக்காருவாரு. அப்படியும் ஒரு கல்யாணத்துல மேசைக்கு அடியில போயிட்டாரு. கூட்டம் கூடிருச்சு. அவருக்கு அசையத்தான் முடியாது, காது பாம்புக் காது மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கும். "ஐயையோ, நல்ல மனுஷனாச்சே"ன்னு ஒருத்தரு. "நல்ல மனுஷன்தான், பின்னாடி மட்டும் சரியா வெட்ட மாட்டாரு"ன்னு இன்னொருத்தரு. ரெண்டாவது ஆள் அடுத்த மாசம் முடிவெட்ட வந்தாரு. அவரு பின்னந்தல இன்னிக்கும் சரியாகல.

டாக்டருங்களுக்கும் குறைச்சல் இல்ல. ஒருத்தரு பிரஷருன்னாரு, ஒருத்தரு கேஸுன்னாரு, ஒருத்தரு மனசுல ஏதோ இருக்குன்னாரு. கடைசியாப் பாத்தவரு கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு, "நீங்க நடிக்கிறீங்க"ன்னே சொல்லிட்டாரு. அதுதான் இவருக்குப் பொறுக்கல. "நடிக்கத் தெரிஞ்சா நான் எதுக்குய்யா சோப்பு நுரை கலக்கிக்கிட்டு இருக்கேன்?"

வீட்டுக்காரம்மா அன்னிக்கே தீர்ப்பு எழுதிட்டாங்க. "பெரிய ஆஸ்பத்திரியில நரம்பு டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்களாம். அவங்களும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்கன்னா, கடைக்குப் பூட்டு. கத்தி புடிக்கிற வேலை வேணாம். என் தம்பி செருப்புக் கடையில போயி உக்காருங்க."

இவருக்கு முகம் செத்துப் போச்சு. "இத்தன வருஷம் பெரிய மனுஷங்க தலையப் புடிச்ச கை. இனிமே போறவன் வர்றவன் காலப் புடிக்கணுமா?"

"விழுந்து ஒருத்தர் கழுத்தக் கிழிக்கிறதுக்கு, காலப் புடிக்கிறது மேல்."

அவரு சட்டைய மாட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாரு.

நரம்பு டாக்டரம்மா குள்ளமா, சுறுசுறுப்பா இருந்தாங்க. கோட்டுப் பையில முட்டியத் தட்டுற சின்னச் சுத்தியல். முழுசாக் கேட்டுட்டு, "பகல்ல தூக்கம் வருமா?"ன்னாங்க.

"டாக்டரம்மா, நான் தூங்காத நேரத்தக் கேளுங்க, சுருக்கமாச் சொல்லிருவேன்."

அவ்வளவுதான், நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டுக்கிட்டாங்க. காணாமப் போன நகை கிடைச்ச மாதிரி முகம். தூங்கும்போது கனவுல நாம எந்திரிச்சு ஓடிராம இருக்க, ஒடம்பத் தளர்த்தி வைக்கிற சுவிட்ச் ஒண்ணு மூளையில இருக்காம். எல்லாருக்கும் அது தூக்கத்துலதான் அமுங்கும். இவருக்கு முழிச்சிருக்கும்போதே, சிரிச்சா அமுங்கிருது. "அபூர்வமான கேஸு. மருந்து இருக்கு. ஆனா மருந்து குடுக்குறதுக்கு முன்னாடி, நீங்க விழுறத நான் வயர் மாட்டிப் பதிவு பண்ணணும். அப்போதான் இது நடிப்புன்னு யாரும் வாயத் திறக்க முடியாது. எங்க டாக்டருங்க பத்திரிகையிலயும் எழுதணும்."

"பத்திரிகையிலயா? போட்டோ போடுவாங்களா?"

"போடுவாங்க. கண்ணு மேல கறுப்புப் பட்டை போட்டு மறைச்சிருவோம். ஆளு யாருன்னு தெரியக்கூடாதுல்ல."

"கண்ண மறைச்சுக்குங்க. மீசைய விட்டுருங்க. அதுக்குத்தான் பாடுபட்டிருக்கேன்."

டாக்டரம்மாவுக்கு அவர ரொம்பப் புடிச்சுப் போச்சு. பழைய பத்திரிகையில படிச்ச ஆளுங்களப் பத்தியெல்லாம் சொன்னாங்க. பெரிய மீனு தூண்டில்ல மாட்டுனா விழுற ஒருத்தரு. சீட்டுல நல்ல கை வந்தா விழுற ஒருத்தரு. அவரு கூட ஆடுறவங்களுக்கு அது ரொம்ப வசதி. இவரு வாயப் பொளந்துக்கிட்டுக் கேட்டாரு. "அப்போ நம்ம ஆளுங்க அங்கங்க இருக்காங்க! ஏம்மா, அந்த மீன்காரரு தண்ணிக்குள்ளயா விழுந்தாரு, வெளியிலயா?" ஆராய்ச்சிக்கூடத்துல சில நாயிங்களுக்கும் இதே கோளாறாம். ருசியான சாப்பாட்டக் கண்டா, சந்தோஷத்துல அப்படியே மடிஞ்சு படுத்துருமாம். அதக் கேட்டதும், "பாவம், நல்ல மனசுக்கார நாயி"ன்னாரு.

பதிவு பண்ற அறையில ஒரு கட்டில், ஒரு கேமரா, வயருங்க போயிச் சேர்ற ஒரு பெட்டி. தலை பூராவும் பசை வெச்சு வயர ஒட்டினாங்க. "இந்தப் பசைய எத வெச்சும்மா கழுவுறது? முடிக்கு ஆகாதே"ன்னு தொழில் கவலை அவருக்கு. மூலையில ஸ்டூலப் போட்டு வீட்டுக்காரம்மா உக்காந்துக்கிட்டாங்க, பூட்டுன கதவு மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டு.

இனி அவரு சிரிக்கணும். அவ்வளவுதான் பரிசோதனை.

அங்கதான் வந்தது வினை. ஆயுசு பூரா சிரிப்புக்குப் பயந்து ஓடின மனுஷன், சிரிங்கன்னு சொன்னதும் கல்லு மாதிரி ஆயிட்டாரு. படிக்கிற டாக்டருப் பசங்க வரிசையில வந்து ஜோக் சொன்னாங்க. ஒவ்வொண்ணுக்கும் தலைய ஆட்டி, "நல்லா இருக்கு தம்பி"ன்னு மரியாதையாச் சொன்னாரு. போன்ல வீடியோ காட்டினாங்க. அதுல வந்தவன் முடி வெட்டப்பட்டிருந்த லட்சணத்தப் பாத்து வருத்தப்பட்டாரு. ஒரு பையன் பெரிய டாக்டரு மாதிரி நடந்து, பேசிக் காட்டினான். மத்த பசங்க எல்லாம் செவரப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. இவரு அவங்களப் பாத்து, "பாத்துப்பா, விழுந்துறாதீங்க"ன்னாரு.

பழக்க தோஷம். கூச்சம் வேற. மாமனாரு மூஞ்சி தானாவே கண்ணு முன்னாடி வந்து நிக்குதாம்.

டாக்டரம்மாவுக்கு முகம் தொங்கிருச்சு. பெட்டி மறுநாள் வேற ஆளுக்கு. பதிவு இல்லாம எழுதினா பெரிய டாக்டரு ஒத்துக்க மாட்டாரு. மூலையில இருந்த அம்மாவைத் திரும்பிப் பாத்தாங்க. "வீட்டுல யாரு பேசினா இவரு அதிகமா விழுவாரு?"

"என் தம்பி பேசினா விழுவாரு. அதனாலதான் அவன வீட்டு வாசப்படி ஏற விடறதில்ல."

"உடனே வரச் சொல்லுங்க!"

செருப்புக் கடைக்கார மச்சினன் வந்தான். எந்தக் கூட்டத்துலயும் வாயத் திறந்தா பத்துப் பேரு வயித்தப் புடிச்சுக்குவாங்க, அப்படிப்பட்டவன். இஸ்திரி போட்ட சட்டை, தண்ணி வெச்சு வாரின தலை. ஆனா உள்ள வந்து கேமராவப் பாத்தான், பேனாவும் காகிதமுமா நிக்கிற வெள்ளைக் கோட்டுங்களப் பாத்தான், மாமன் தலையில முளைச்சிருந்த வயருங்களப் பாத்தான். நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு.

"எல்லாருக்கும் வணக்கம்"னான்.

"சொல்லு மாப்ள"ன்னு கட்டில்ல இருந்து இவரு தைரியம் குடுத்தாரு.

"ஒரு ஊர்ல ஒருத்தன்... அவன் கடைசியில பாத்தா, அது அவன் பொண்டாட்டி இல்ல." ஜோக்கோட முடிவு மொதல்ல வந்துருச்சு. "இருங்க, இருங்க. அதுக்கு முன்னாடி அவன் கதவத் தட்டுறான்... இல்ல, பக்கத்து வீட்டுக் கதவு. அக்கா, கொஞ்சம் தண்ணி."

பசங்க எழுதிக்கிட்டாங்க. அத எதுக்கு எழுதினாங்கன்னு தெரியல.

மச்சினனுக்கு வேர்த்துக் கொட்டுது. யாரு மூஞ்சியையும் பாக்க முடியாமத் தலையக் குனிஞ்சான். குனிஞ்சா கண்ணுல என்ன படும்? கால்தான். இருபது வருஷமா அவன் வாழ்ந்த இடம் அது. டாக்டரம்மாவோட செருப்பு கண்ணுல பட்டதும், சாவி குடுத்த பொம்ம மாதிரி வாயி தன்னால ஓட ஆரம்பிச்சது. "மேடத்துக்கு அஞ்சாம் நம்பரு. இது ஆறு, யாரோ ஏமாத்திட்டாங்க. உக்காருங்க மேடம். மொதல்ல கடிக்கும், ஒரு வாரத்துல உங்க காலுக்கு அடங்கிரும். சும்மா ஒரு ரவுண்டு நடந்து பாருங்க!" சொல்லிக்கிட்டே, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியோட நரம்பு டாக்டரம்மா காலுக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்துட்டான்.

டாக்டரம்மா என்ன பண்றதுன்னு தெரியாம, நெசமாவே ஒரு ரவுண்டு நடந்தாங்க. ஒரு செருப்பு வழியிலயே கழண்டுருச்சு.

கட்டில்ல இவருக்கு மீசை லேசாத் துடிச்சது. அவ்வளவுதான். மாமனாரு வந்துட்டாரு போல.

ஆனா மூலையில ஒரு சத்தம் கேட்டுச்சு. வீட்டுக்காரம்மா மோட்டுவளையப் பாத்தாங்க. உதட்டக் கடிச்சாங்க. ரெண்டு கையாலயும் வாயப் பொத்துனாங்க. தோளு குலுங்குது. "டேய்... எந்திரிடா... அவங்க டாக்டருடா..."ன்னு சொல்ல வந்தவங்களுக்குப் பாதியிலயே ஒடைஞ்சு போச்சு. இத்தன வருஷமாச் சேத்து வெச்சது எல்லாம் ஒண்ணாக் கிளம்பிருச்சு. ஸ்டூலோட ஆடி, செவருல முட்டி, மூக்கால குறட்டை மாதிரி ஒரு இழுப்பு இழுத்து, மறுபடி மொதல்லேர்ந்து சிரிச்சாங்க.

இவரு திரும்பினாரு. ரொம்ப நாளைக்கு அப்புறம் வெளியூர்லேர்ந்து வந்தவங்களப் பாக்குற மாதிரி பாத்தாரு. "அடியே, நீயா..."ன்னு ஆரம்பிச்சவருக்குச் சிரிப்பு அடிவயித்துலேர்ந்து பொங்கிச்சு. எந்த மாமனாரும் குறுக்க வர முடியல. இமை தொங்கிச்சு, தாடை தொங்கிச்சு, கழுத்து சாஞ்சது. தலகாணி மேல அப்படியே வழிஞ்சு விழுந்தாரு.

"வந்துருச்சு! வந்துருச்சு!" டாக்டரம்மா ஒத்தக் கால் செருப்போட ஓடி வந்து சுத்தியலால முட்டியத் தட்டினாங்க. முட்டி அசையல. இன்னொரு முட்டி. அதுவும் அசையல. "பாத்துக்கோங்கப்பா! நடிக்கிறவன் முட்டி தட்டினா உதைக்கும். இது உதைக்குதா? கேமரா ஓடுதா? எழுதுங்க, எழுதுங்க!" பசங்க கைதட்டினாங்க. மச்சினன் தன் பேச்சுக்குத்தான் கைதட்டுறாங்கன்னு நெனச்சு எந்திரிச்சு கும்புடு போட்டான்.

வீட்டுக்காரம்மா மட்டும் பதறிப்போயி வாய மூடிக்கிட்டாங்க. சிரிப்பு நின்னுருச்சு. கண்ணுல தண்ணி மட்டும் வழியுது. "ஐயோ, என்னாலதான்... நான் சிரிச்சிருக்கக் கூடாது..."

"அம்மா, ஒண்ணும் ஆகாது. அவருக்கு எல்லாம் கேக்குது. நாளையிலேர்ந்து மாத்திர குடுக்குறேன். கடையும் நடத்தலாம், கத்தியும் புடிக்கலாம்"னு டாக்டரம்மா சொல்லிக்கிட்டே, மறுபடி முட்டியத் தட்டினாங்க. இந்தத் தடவ லேசா உதைச்சது.

எல்லாரும் கட்டிலச் சுத்தி நின்னு பாத்தாங்க. மனுஷனுக்கு இன்னும் நாக்கு எழும்பல, கண்ணு முழுசாத் திறக்கல. வலது கையில ஒரு விரல் மட்டும் உசிரு வந்து மேல எழுந்துச்சு. அது மெல்லத் திரும்பி, வாயப் பொத்திக்கிட்டு நிக்கிற பொண்டாட்டியக் காட்டிச்சு. அப்புறம் காத்துல ஒரு வட்டம் போட்டுச்சு, இன்னொரு வட்டம் போட்டுச்சு: நிறுத்தாத, இன்னும் சிரி.