ஓரத்தில் நின்ற அண்ணி

டன்லப் தெருவில் படங்களுக்குச் சட்டம் போடும் அடைக்கலம் சிரித்து யாரும் பார்த்ததில்லை. 1961இல் துறைமுகக் கிளார்க் வீரப்பெருமாள், அண்ணன் உயிரோடிருந்தபோது எடுத்து, சட்டத்தின் அளவுக்கே அச்சிட்ட குடும்பப் படத்தோடு வந்தார்.

அடைக்கலம் சொன்னார்: “சட்டத்துக்குள்ள, படத்து மேல நடுவுல வெட்டின அட்டை வச்சா சுத்தி ஒரு அங்குலம் மறையும். ஓரத்துல நிக்கிற அம்மா தெரியமாட்டாங்க.”

“அண்ணன் பொண்டாட்டிதான். அண்ணனே செத்தாச்சு, இனி அவ எங்க குடும்பமில்ல. மறையட்டும் லா!”

“ஆளை மறைக்க நான் அட்டை வெட்டுறதில்ல.”

“சொன்னதைச் செய்யுய்யா!” என்று கத்திவிட்டுப் போனார்.

அடைக்கலம், அந்தப் படம் எடுத்த ஸ்டூடியோவில் சொல்லி அதையே சிறிதாக அச்சடித்து வாங்கினார். அட்டைக்குள் எல்லோரும் முழுதாகத் தெரிந்தார்கள்.

மறுவாரம் வந்த வீரப்பெருமாள் கொதித்தார். “உன்னை யாருய்யா கேட்டா? பிரிச்செடு!”

“பசை போட்டு ஒட்டியாச்சு. பிரிச்சா உங்க அண்ணன் மூஞ்சியும் கிழியும். கிழிக்கவா?”

வீரப்பெருமாள் படத்தைப் பிடுங்கிக்கொண்டார். “இனி என் ஆளுங்க ஒருத்தனும் இங்க வரமாட்டான்!”

“வந்தா, படத்தைச் சின்னதா அச்சடிச்சுக் கொண்டுவரச் சொல்லுங்க.”