வாளிக்குள் போட்ட மண்கல்

செவ்வாய்க்கிழமை காலை அம்பத்தூர் அலுவலகத்தைத் திறக்கும்போதே தொலைபேசி அடித்தது. சாரதா மேடத்தின் தம்பி பேசினார். "அக்கா போயிட்டாங்க சார்" என்றார். பக்கத்து மேசையில் மேடத்தின் கம்ப்யூட்டர் உறை போட்டபடி இருந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாளவில்லை.

சாரதா அவர்கள் கட்டடப் பொறியாளர். நாங்கள் சேர்ந்து நடத்திய வரைபட அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்ததும், ஊரே அதில் கான்கிரீட் மாடி வரைய, அவர் மண்வீடு வரைந்தார். கறுப்புத் திரையில் சுவர்களை எழுப்பி, மாலை வெயில் எங்கே விழும், அஸ்திவாரத்துக்குத் தோண்டும் மண் எத்தனை சுவருக்குக் காணும் என்று பார்ப்பார்.

"மண்ணுல கட்ட எதுக்கு மேடம் கம்ப்யூட்டர்?" என்று கேலி செய்வேன்.

"சிமெண்டுன்னா யோசிக்காமக் கட்டிடலாம் சார். மண்ணுன்னா யோசிச்சுத்தான் கட்டணும்" என்பார்.

வெள்ளானூரில் மனை வாங்கி எங்களிடம் வீடு வரைய வந்த சண்முகம், ஆவடித் தொழிற்சாலையில் ஓய்வுபெறவிருந்தவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். திரையில் வீட்டைப் பார்த்ததும் மண்ணில் கட்டச் சம்மதித்துவிட்டார். அவர் மனைவி பேச்சியம்மாள்தான், "எங்களுக்கு இருக்கப்போறது இந்த ஒரு வீடு. மழையில கரைஞ்சா எங்கம்மா போவோம்?" என்று கேட்டார்.

அவர் பயந்தபடியே, முதலில் செய்த கற்கள் கையில் எடுத்தாலே உதிர்ந்தன. மண்ணோடு சுண்ணாம்பு கலந்து அழுத்திய கல்லைத் தினமும் நனைத்தால்தான் இறுகும். கொத்தனார் ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை.

"மண்ணாச்சே மேடம், தண்ணி ஊத்துனா கரைஞ்சிடும்னு வெயில்ல காய வச்சிக்கினு கீறேன்" என்றார். கான்கிரீட்டுக்கு நாள் தவறாமல் தண்ணீர் விடும் மனிதர்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேடமோ சிரித்துவிட்டார்.

"உடைச்சுத் திரும்பக் குழைச்சுக்கலாம். கான்கிரீட்ல தப்பு பண்ணா முடியுமா?" என்றவர், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தாமே உடைக்க உட்கார்ந்தார்.

புதிய கற்கள் இறுகியதும் ஒன்றைப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். "உங்க வாளித் தண்ணியில போட்டு வைங்கம்மா. காலையில கரைஞ்சிருந்தா செங்கல் வீடே வரைஞ்சு தரேன்."

மறுநாள் பேச்சியம்மாள் வாளிக்குள் கைவிட்டார். தண்ணீர் சொட்டச் சொட்ட, முனை மழுங்காமல் வந்தது கல். அதன் பிறகே சுவர் எழுந்தது. பல ஐப்பசிகளை அந்த வீடு பார்த்துவிட்டது.

செவ்வாய் மதியம் பூந்தமல்லியில் மேடத்தின் வீட்டுக்குப் பேச்சியம்மாள் பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் கனத்த மஞ்சள் பை. அதிலிருந்து அந்தக் கல்லை எடுத்து மேடத்தின் காலடியில் வைத்தார். இத்தனை நாளும் வாசல் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லாம்.

"இன்னும் கரையலம்மா" என்றார். பிறகுதான் அழுதார்.

போய் வாருங்கள் மேடம். உங்கள் கம்ப்யூட்டரில் அடுத்த வீடு பாதியில் நிற்கிறது. நான் முடித்துக் கொடுக்கிறேன். மண்ணிலேயே.