கெற் என்ற சொல்லும் கடலுக்குப் போன தம்பியும்

ஆங்கிலத்தில் எனக்கு ஒரு சொல்லைக் கண்டால் பயம். அந்தச் சொல் ‘கெற்’ (get). மூன்றே எழுத்து. பார்த்தால் சாதுவாகத்தான் இருக்கும்.

பள்ளிக்கூடத்தில் அதற்குப் ‘பெறு’ என்று ஒரே ஒரு கருத்துத்தான் சொல்லித் தந்தார்கள். அதை நம்பிக்கொண்டு உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களுக்கு மரக்கறியும் குடிதண்ணீரும் கொண்டுபோய்க் கொடுக்கிற சின்ன நிறுவனம். வோக்கி-டோக்கியில் கப்பல்காரரோடு கதைப்பது என் வேலை. அவர்கள் வாயைத் திறந்தால் கெற். எழும்பினாலும் கெற், இறங்கினாலும் கெற். காய்ச்சல் வந்தாலும் கல்யாணம் கட்டினாலும் கெற். நனைந்தாலும் தொலைந்தாலும் அதேதான், விளங்கினதா என்று கேட்பதற்கும் அதேதான். பெறுவதற்கு மட்டும் அதை ஒருவரும் பாவிப்பதாகத் தெரியவில்லை.

பயம் தெளிய ஓர்ஸ் ஹில்லில் ஒரு பின்னேர வகுப்புக்குப் போனேன். “இதைப் பாடமாக்க ஏலாது பிள்ளை, பக்கத்தில நிக்கிற சொல்லைப் பாருங்கோ” என்றார் அங்கே படிப்பித்த ஆசிரியை. நான் பக்கத்துச் சொல்லைப் பார்த்து முடிப்பதற்குள் கப்பல்காரர் அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்.

போதாக்குறைக்கு எங்கள் மனேஜர் கொழும்பிலிருந்து வந்தவர். வோக்கியில் ஆங்கிலம் மட்டும்தான் என்பது அவர் கட்டளை. “கப்பலெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும், சந்தைக் கதை கதைக்கக்கூடாது” என்பார். எங்கள் சொந்தப் படகோடு கதைப்பதென்றாலும் அப்படித்தான். அந்தப் படகை ஓட்டுபவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணர்; நானா என்றுதான் கூப்பிடுவோம். அவருக்கு உதவியாள் என் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்ததே நான்தான். கடல் வேலை வேண்டாம் என்று அம்மா அழுதபோது, “நான் கந்தோரில இருந்து பார்த்துக்கொள்ளுவன்தானே” என்று வாக்குக் கொடுத்தவளும் நான்தான்.

போன மாரியில் ஒருநாள் மத்தியானம் இருவரும் மரக்கறி மூட்டைகளோடு ஒரு கப்பலுக்குப் போனார்கள். தம்பி தன் ஃபோனைச் சார்ஜில் போட்டு என் மேசையில் விட்டுவிட்டுப் போயிருந்தான். கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. காற்று ஜன்னலை அடித்துச் சாத்தியது. எதிரே சீனன்குடாக் கரை மழைக்குள் மறைந்துபோனது.

வோக்கியை எடுத்துப் படகைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. நானாவின் ஃபோனும் கிடைக்கவில்லை. கப்பலைக் கூப்பிட்டேன். ஒரு அதிகாரி ஏதோ சொன்னார். இரைச்சலுக்குள் ‘கொட் எவே’ (got away) என்பது மட்டும் கேட்டது. கெற்றின் இறந்தகாலம். தப்பிவிட்டார்களா? கயிறு அறுந்து இழுபட்டுப் போனார்களா? திரும்பவும் கேட்டேன். பாவம் அந்த மனிதர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னார்: படகு சாமானை இறக்கிவிட்டு மழைக்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

சொல் விளங்கியது, பயம் கூடியது. மழைக்கு முன்பே புறப்பட்டவர்கள் இப்போது எங்கே?

அப்போதுதான் மேசையில் தம்பியின் ஃபோன் அடித்தது. திரையில் ‘அம்மா’ என்று இருந்தது. நான் எடுக்கவில்லை. என்ன சொல்லுவது? அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வோக்கியில் மறுபடி கத்தத் தொடங்கினேன். கரைக்கு வாருங்கள், எங்காவது ஒதுங்குங்கள், நான் சொல்வது கேட்கிறதா என்று, வகுப்பில் படித்த கெற் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. மனேஜர் பின்னால் வந்து நின்றார். அந்தக் கத்தலிலும் என் இலக்கணம் பிசகவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கே கோபம் வருகிறது.

நானாவின் மனைவிக்கு யார் சொல்வது, அம்மாவின் முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் மனம் ஓடிக்கொண்டிருந்தபோது மழை மெல்ல வெளித்தது. சாம்பல் நிறத் தண்ணீரில் எங்கள் படகு ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தது. தம்பியின் ஃபோனைக் கையில் பிடித்தபடி இறங்குதுறைக்கு ஓடினேன்.

“வோக்கியை ஏன்டா எடுக்கேல்ல? நான் செத்துப் போனன்!”

அவன் சிரித்துக்கொண்டே, ஐஸ் போட்டு மீன் வைக்கிற மாதிரி ஒரு வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் திறந்தான். சொப்பிங் பைகளால் சுற்றி, இறப்பர் பட்டி போட்டு, உள்ளே வோக்கி பத்திரமாகப் படுத்திருந்தது. “புதுசெல்லோ அக்கா, தண்ணி பட்டாப் பழுதாப் போயிடும். நாங்க மலையோரக் கரையில ஒதுங்கி நிண்டம்.” எங்கள் வீட்டில் டிவி ரிமோட்டும் இப்படித்தான் பைக்குள் கிடந்து சீவிக்கிறது. யாரை ஏசுவது?

“நான் கூப்பிட்டது கேக்கவே இல்லையா?”

“கேட்டது. பெட்டிக்குள்ள இருந்து உங்கட குரல் வந்துகொண்டே இருந்தது. என்ன சொல்லுறீங்க எண்டு விளங்கேல்ல. இங்கிலீஷ் எண்டபடியாக் கப்பல்காரரோட கதைக்கிறீங்க எண்டு விட்டிட்டன்.”

“நானும் சொன்னனான்,” என்றார் நானா, கயிற்றைக் கட்டிக்கொண்டே. “புள்ள இண்டைக்கு நல்லாக் கதைக்குது எண்டு.”

“எனக்கெண்டா தம்பி எண்டெல்லோ கூப்பிடுவீங்க?” என்றான் அவன்.

கையிலிருந்த ஃபோன் மறுபடி அடித்தது. அம்மாதான். அவனிடம் நீட்டினேன்.

“ஓம் அம்மா, கரைக்கு வந்திட்டன். ஓம், ஓம். அக்கா பார்த்துக்கொண்டுதான் நிக்கிறா” என்றான்.