துளை போடாத பானை ஸ்பீக்கர்

அண்ணனுக்காகப் போனில் ஒரே ஒரு தடவை 'வீட்டுக்கு நல்ல ஸ்பீக்கர்' என்று தேடிவிட்டேன். அன்றிலிருந்து அது என்னை விட்டபாடில்லை. மீன் குழம்புக் குறிப்பு பார்த்தால் நடுவில் ஸ்பீக்கர், ராமநாதபுரத்துக்கு ரயில் எப்போது என்று பார்த்தால் ஓரத்தில் ஸ்பீக்கர். கடைசியில் என் மகன்தான் சலித்தெடுத்து இரண்டைக் காட்டினான். ஒன்று, பிரித்து ஒயரைச் செருகினால் பாடிவிடும். புக்ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்று பேர், புத்தக அலமாரியில் வைப்பதாம். எங்கள் அண்ணன் வீட்டு அலமாரியில் மாத்திரையும் தைல பாட்டிலும்தான் இருக்கின்றன. அதை நான் சொல்லவில்லை. இன்னொன்று கிட். அறுத்த பலகை, ஸ்பீக்கர், ஒயர், திருகாணி எல்லாம் தனித்தனியாக வரும். நாமே கோத்துக்கொள்ள வேண்டும்.

"மாமாவுக்குத்தானம்மா? அப்ப கிட்டு" என்றான். சொன்ன கையோடு முகம் சுருங்கி, போனை என் கையில் கொடுத்துவிட்டான். பக்கவாதம் வந்து அவன் மாமாவுக்கு வலது கை விழுந்துவிட்டது என்பது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்திருக்கிறது.

கிட்டின் படத்தில் ஒரு மூலையில் ஈயக்கம்பிச் சுருள் கிடந்தது. படத்துக்கு ஏது வாசம்? ஆனாலும் எனக்கு வந்தது. ஈயம் பத்தவைக்கும்போது குங்கிலியம் போட்டதுபோல் ஒரு புகை எழும்புமே, அந்த வாசம். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்தில் எங்கள் வீட்டில் கோடைகாலம் முழுக்க அந்த வாசம்தான். கண்மாயில் தண்ணி கிடந்தால் அண்ணன் வயலில் கிடக்கும். தண்ணி வற்றினால் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு கிடக்கும். அய்யா தலையில் அடித்துக்கொள்வார். இரண்டில் எதிலும் பெரிதாக விளைந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பலகைப் பெட்டி செய்ய ஆசாரியைப் பிடிக்க வேண்டும். அதனால் பானை. அப்போது டீக்கடையில் எல்லாம் பார்த்திருப்பீர்கள், மண்பானை வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துக் கட்டியிருப்பார்கள். அடிச்சத்தம் தும் தும் என்று நெஞ்சில் இடிக்கும். பானை வாங்கப் போனால் அண்ணன் ஒவ்வொரு பானைக்குள்ளும் வாயை வைத்து ஊ என்று ஊதிப் பார்க்கும். "இல்ல" என்று ஒதுக்கும். அடுத்ததற்கும் "இல்ல." அண்ணன் வாயில் எதற்கும் முதலில் வருவது அந்த வார்த்தைதான். சோறு வைக்கட்டுமா என்று கேட்டால்கூட, "இல்ல, வையி" என்கும்.

முதல் பானைக்கு ஒயரை வெளியே எடுக்க வயிற்றில் ஒரு துளை போட்டது. புல்லுக்கட்டோடு வந்த அம்மா அதைப் பார்த்ததும் கட்டை அப்படியே போட்டுவிட்டாள். துளை போட்ட பானை எங்கே இருக்கும்? கொள்ளி வைக்கிறவன் தோளில்தானே இருக்கும். "வீட்டுக்குள்ள ஓட்டப் பானைய வச்சிருக்கியே, யாரத் தூக்கப் போறே?" என்றாள். உடைத்துப் போடவும் பயம், ஏனென்றால் அதுவும் சுடுகாட்டில் செய்கிற காரியம்தான். வீட்டில் வைக்கவும் முடியாமல், உடைக்கவும் முடியாமல், அய்யாதான் அதைச் சாக்கில் சுற்றிக்கொண்டுபோய்க் கண்மாயில் விட்டுவிட்டு வந்தார். போகிற வழியெல்லாம் மகனைத் திட்டிக்கொண்டே போனாராம்.

அதன்பிறகு அண்ணன் எந்தப் பானையிலும் துளை போடவில்லை. ஒயரை வாய் ஓரமாக எடுத்து, கண்மாய்க் களிமண்ணால் அடைத்தது. களிமண் காய்ந்தால் வெடிக்கும், வெடித்தால் கரகரக்கும். எங்கள் வீட்டில் காதல் பாட்டு, சாமி பாட்டு, வயலும் வாழ்வும் எல்லாவற்றுக்கும் தொண்டை கட்டித்தான் இருந்தது.

புதுமடத்தில் அண்ணனுக்கு ஒரு சேக்காளி. அவர் சவுதியிலிருந்து ரெடிமேட் செட் கொண்டுவந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனது. பளபளவென்று இரண்டு கறுப்புப் பெட்டி. அண்ணன் பாட்டைக் கேட்கவில்லை, நேரே பின்பக்கம் போய்க் குனிந்து பார்த்தது. பெட்டியின் முதுகில் வட்டமாக ஒரு துளை.

"பாத்தியா, இவுகளும் ஓட்டை போட்டுத்தான் வச்சிருக்காக. அம்மாட்ட சொல்லிராத."

சத்தம் எப்படி இருக்கு என்று நண்பர் கேட்டார். "இல்ல, சளி புடிச்சவன் பாடுற மாதிரி இருக்கு" என்றது. நண்பருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்கென்னவோ அந்தச் சத்தம் தேனாகத்தான் இருந்தது.

ஒயர் மாட்டும்போது நான்தான் கையாள். சிவப்பும் கறுப்பும் மாறிப்போனால் ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுக்கும், அடிச்சத்தம் செத்துவிடும். "ஒரு மாடு கெழக்க, ஒரு மாடு மேக்க இழுத்தா ஏரு எங்கிட்டுப் போகும்?" என்கும். நான் மாற்றி வைக்காத நாளே கிடையாது. "இல்லடி கூறுகெட்டவளே, செவப்பு அங்கன" என்று தலையில் ஒரு குட்டு விழும்.

இப்போது அண்ணனுக்குப் பேச்சும் ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். அது "ஆமா."

எது வாங்கலாம் என்று கேட்க, போனில் இருந்த படத்தோடு அண்ணன் வீட்டுக்குப் போனேன். இது வேணுமாண்ணே என்றேன். ஆமா. அப்ப இது? ஆமா. ரெண்டும் வேண்டாமா? அதற்கும் ஆமா. மதினி சிரித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கைக்கு வேலை கொடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதனால் கிட் வாங்கலாமே என்றேன்.

"வேணாந்தாயி. கை வரலையேன்னு தெனமும் அதப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கணுமா இவுக?"

ஆனாலும் கிட்டைத்தான் வாங்கினேன். நம்பிக்கை இருந்து அல்ல. செய்து முடித்த பெட்டியைக் கொண்டுபோய் வைத்தால், இனி உன்னால் ஒன்றும் ஆகாது என்று என் வாயாலேயே சொன்னதாக ஆகிவிடும். அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்துப் பலகைகளைப் பரப்பினேன். இடது கையில் திருகாணியைக் கொடுத்தேன். விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன், மறுபடி விழுந்தது. மதினி அடுப்படிக்குள் போய்ப் பாத்திரத்தை உருட்ட ஆரம்பித்தார். அப்புறம் நானே எல்லாவற்றையும் முடுக்கினேன். கிட்டில் வந்த இரண்டு பெட்டிக்கும் முதுகில் துளை இருந்தது. அம்மா இப்போது இல்லை, அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

கடைசி ஒயரை வேண்டுமென்றேதான் மாற்றி மாட்டினேன், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு. மாட்டிவிட்டு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பழைய 'இல்ல' உள்ளே எங்கேயாவது கிடந்தால், கோபத்திலாவது வெளியே வந்து விழாதா என்று ஒரு பைத்தியக்கார ஆசை.

அண்ணன் கண் விரிந்தது. இடது கை மெல்ல வந்து சிவப்பு ஒயரைத் தட்டியது. "ஆமா" என்றது. மறுபடி தட்டியது. "ஆமா, ஆமா, ஆமா." குரல் ஏறிக்கொண்டே போய்க் கத்தலாகிவிட்டது. நெற்றி நரம்பு புடைத்துவிட்டது. மதினி கரண்டியோடு ஓடி வந்தார்.

"தெரியுதுண்ணே, தெரியுது" என்று சொல்லி மாற்றி மாட்டினேன்.

பாட்டு போட்டேன். களிமண் இல்லை, கரகரப்பு இல்லை, தும் தும் என்று சுத்தமான சத்தம். நல்லா இருக்காண்ணே என்று கேட்டேன்.

"ஆமா" என்றது. எந்த ஸ்பீக்கரையும் முதல் பாட்டில் நல்லா இருக்கு என்று எங்கள் அண்ணன் ஒரு நாளும் சொன்னது கிடையாது.